உங்களுக்குத் தெரியுமா? தடித்த எழுத்து

மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கடைப் பலகைகளில் மூன்று சுழி 'ண'வைத் தேடிப் பாருங்கள். தடித்த எழுத்தின் தரம் அங்கேதான் தெரியும். கோடு பருக்கப் பருக்க, சுழிக்குள் இருக்கும் வெள்ளை சுருங்கும். கவனமில்லாமல் பருமன் கூட்டினால் சுழி அடைத்துக்கொண்டு, எதிர்ச்சாரியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு சுழியா மூன்று சுழியா என்றே புரியாது. கைதேர்ந்தவர் நிமிர்ந்த கோட்டில் பருமனை ஏற்றி, சுழி வளையும் இடத்தில் மெலியவிடுவார். எனக்கு இது சிற்பவேலைக்குக் குறைந்ததாகத் தோன்றுவதில்லை.

ஆங்கிலத்தில் புகழ்பெற்ற தடித்த எழுத்து, கிளாரெண்டன். 1845-ல் லண்டன் ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்படச் சாலையில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்டது. கோடுகளின் முனையில் குட்டிக் கால்கள். அவற்றுக்குச் செரிஃப் என்று பெயர். அகராதியில் தலைச்சொல் பளிச்சென்று தெரியக் கிளாரெண்டன் பெரிதும் உதவியது. பதிவு உரிமை 3 ஆண்டுகள்தான். அது முடிந்ததும் மற்ற வார்ப்படச் சாலைகளும் அதே பாணியில் இறங்கிவிட்டன.

தமிழ் எழுத்துக்குக் கால் கிடையாது. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு ஏறக்குறைய ஒரே பருமன். அதனால் இன்றைய 'நோட்டோ செரிஃப் தமிழ்' எழுத்துருவை அடையாளம் காட்டுவது, பருமனும் மெலிவும் மாறி மாறி வரும் கோடுதான்.

ஈய எழுத்துக் காலத்தில் தமிழுக்குத் தடித்த எழுத்து வார்ப்பது பெருஞ்செலவு. கு, கூ, மு, மூ என உகர, ஊகார வரிசைக்கு மட்டும் 36 உருவங்கள். மெல்லிய எழுத்துக்குச் செய்த அத்தனையையும் தடித்ததற்கு மறுபடி வெட்டி வார்க்க வேண்டும். 1978 அக்டோபரில் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய கூட்டுருவங்களை நீக்கியபோது, அச்சுக்கோர்ப்பவரின் கேஸ் பெட்டியும் கொஞ்சம் இலேசானது.

சுவரொட்டிக்கு மர எழுத்து. உள்ளங்கை அகல எழுத்தை ஈயத்தில் வார்த்தால் பாரமும் விலையும் தாங்காது. அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் 1827-ல் மர எழுத்தை மொத்தமாகச் செய்யும் வழியைக் கண்டார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் போஸ்டர் ஒட்டும் மதுரைக்குத் தடித்த எழுத்தின் அருமையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கணினியில் மதுரையின் பெயரைத் தாங்கிய எழுத்துருக்கள் உண்டு. 'ஹிந்த் மதுரை' இந்தியன் டைப் ஃபவுண்டரியுடையது. மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை 5 பருமன்களில் கிடைக்கிறது. 'அரிமா மதுரை'யை உருவாக்கிய நதானியேல் காமா, ஜோவானா கொரேயா இருவரும் போர்ச்சுகல்காரர்கள். தமிழ் எழுத்தில் 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தைத் தமிழாக்கித் தந்த அண்டிரிக் அடிகளாரும் போர்ச்சுகல்காரரே.