சுவரில் ஓட்டை, நெருப்புக்கு வழி

ஜிப்சம் பலகைச் சுவரைப் பழுது பார்ப்பது அழகுக்காக மட்டுமல்ல

பாலக்காட்டுக் கணவாயில் காற்றுக்குக் கட்டுப்பாடு கிடையாது. வாளையாறுக்கும் பாலக்காட்டுக்கும் இடையில் இருக்கும் கஞ்சிக்கோட்டில் ஒரு கதவைக் கொக்கி போடாமல் விட்டால் போதும். அது வேகமாகத் திறந்து, கைப்பிடி பக்கத்துச் சுவரில் இடிக்கும். செங்கல் சுவர் என்றால் கொஞ்சம் காரை உதிரும். ஜிப்சம் பலகை என்றால் ஓட்டை விழும். நாற்காலியும் பீரோவும் நாலு முறை இடித்தால் அதுவே தலை நுழையும் அளவுக்குப் பெரிதாகிவிடும்.

1970களில் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட், ஐ.டி.ஐ. போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் வந்த தொழிற்பகுதி இது. இதுபோன்ற இடங்களில் பெரிய கூடத்தை அறைகளாகப் பிரிக்க இன்று கொத்தனாரைத் தேடுவதில்லை. தகரச் சட்டம் நிறுத்தி இருபுறமும் பலகை அடித்தால் சில நாட்களில் அறை தயார். ஆனால் ஓட்டை விழுந்தால் மட்டும் பழைய புத்தி திரும்பிவிடுகிறது. செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, மேலே பட்டி பூசி, அதற்கும் மேலே ஒரு காலண்டர்!

இது ஏன் தவறு என்பதைப் பலகையின் உள்ளேதான் பார்க்க வேண்டும். இரு தாள்களுக்கு நடுவில் ஜிப்சத்தை வைக்கும் இந்த யோசனைக்கு 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் அகஸ்டின் சாக்கெட். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதன் படிகத்துக்குள் கட்டுண்டிருக்கும் தண்ணீர். 20 கிலோ ஜிப்சத்தில் ஏறத்தாழ 4 கிலோ! தீப்பிடித்தால் முதலில் இந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும். அதுவரை சுவரின் மறுபுறம் கொதிநிலையைத் தாண்டிப் பெரிதாகச் சூடேறாது. உள்ளே இருப்பவர்கள் வெளியேற அந்த அவகாசம் போதுமானதாக இருக்கலாம். ஓட்டை விழுந்த இடத்தில் அந்த அவகாசம் இல்லை. செய்தித்தாள் அடைத்த இடத்திலோ, நெருப்புக்கு விறகே தயார்.

சரியான வைத்தியம் கடினமானதல்ல. முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, உள்ளே ஒயரோ குழாயோ போகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பலகை ஊறியிருந்தால் கசிவை நிறுத்தாமல் ஒட்டுப் போடுவது வீண். பிறகு, கோணல்மாணலான ஓட்டையைச் சுற்றிச் செவ்வகமாகக் கோடு போட்டுச் சிறு ரம்பத்தால் வெட்ட வேண்டும். வெட்டு இருபுறமும் சட்டத்தின் நடுப்பகுதி வரை போனால் நல்லது. சட்டம் எட்டவில்லை என்றால், விளிம்புகளுக்குப் பின்னால் மரப்பட்டையோ தகரப்பட்டையோ வைத்து முன்பக்கமிருந்து திருகு போடலாம்.

பழைய பலகையின் அதே தடிமனும் அதே ரகமும் கொண்ட துண்டுதான் பொருந்தும். தீத்தடுப்பு ரகத்தில் கண்ணாடி இழை கலந்திருக்கும். அதற்குச் சாதாரணப் பலகை ஈடல்ல. உள்ளே பாறைக்கம்பளி இருந்திருந்தால் அதையும் திரும்ப வைக்க வேண்டும். திருகின் தலை தாளைக் கிழிக்காமல், மேற்பரப்புக்குச் சற்றே கீழே இறங்க வேண்டும். தாள் கிழிந்தால் பிடிமானம் போய்விடும்.

இணைப்புகளின் மேல் நாடா ஒட்டி, ஜாயிண்ட் காம்பவுண்டை மூன்று முறை இழுப்பது வழக்கம். ஒவ்வொரு பூச்சும் முந்தியதைவிட அகலமாக, ஓரத்தில் மெலிந்துகொண்டே போக வேண்டும். கடைசிப் பூச்சு ஒரு அடி அகலம் வந்தால்தான் மேடு கண்ணில் படாது. நாடா இல்லாமல் வெறும் பட்டியை அப்பினால் சில மாதங்களில் நாலு பக்கமும் விரிசல் கோடு எழும்.

இங்கே அவசரத்துக்கு எதிரி பருவமழை. ஜூன் முதல் ஈரக்காற்று வீசும் மாதங்களில் ஒவ்வொரு பூச்சும் உலர அதிக நேரம் பிடிக்கும். காயாத பூச்சின் மேல் அடுத்ததை ஏற்றினால் அது சுருங்கிப் பள்ளம் விழும். தண்ணீர் கலந்ததும் தானே இறுகும் பவுடர் ரகம் அப்போது கைகொடுக்கும். உலர்ந்தபின், பக்கவாட்டில் விளக்கு பிடித்துக்கொண்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தூசு மார்புக்குள் போகாமல் முகமூடி அவசியம். பிரைமர் அடித்து, மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவருக்கும் பெயிண்ட் அடித்தால்தான் ஒட்டு மறையும். ஒட்டுக்கு மட்டும் அடித்தால் அந்தச் சதுரம் தனியாக மினுங்கும்.

பெயிண்ட் காய்ந்தபின் நல்ல ஒட்டும் மோசமான ஒட்டும் ஒன்றுபோலவே தெரியும். எனவே பணம் கொடுப்பவர் பார்க்க வேண்டியது வேலை முடிந்தபிறகு அல்ல. ஓட்டையை மூடுவதற்கு முன்பு. உள்ளே செய்தித்தாள் இருந்தால், வெளியே எடுக்கச் சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு.