விலையில்லாத தூரிகை: திருவனந்தபுரம் காட்டும் வழி!

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலும், ஸ்டாச்சு, புளிமூடு பகுதிகளிலும் சிறு ஸ்டூடியோக்களும் டி.டி.பி. கடைகளும் உண்டு. பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் இவைதான் அவற்றின் பிழைப்பு. இப்படி ஒரு கடையில் தொழில் கற்று, தனிக்கடை வைக்க எண்ணும் நம்மவர் கம்ப்யூட்டர் விலை, பிரிண்டர் விலை, கடை அட்வான்ஸ் எல்லாவற்றையும் கணக்கிடுவார். மென்பொருள் விலையை மட்டும் மறந்துவிடுவார்.

போட்டோஷாப் இப்போது ஒரே தடவையில் வாங்கி வைத்துக் கொள்ளும் சரக்கு அல்ல. 2013-ம் ஆண்டு முதல் அதன் புதிய பதிப்புகளுக்கு வாடகை போலச் சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. கட்ட முடியாதவர் திருட்டுப் பிரதியைப் போட்டுக் கொள்கிறார். அது சட்டப்படி குற்றம். வைரஸும் கூடவே வந்து சேரலாம்.

இதற்கு நேர்மையான மாற்று வழி உண்டா? உண்டு. அதற்குச் சாட்சி இதே ஊரில் இருக்கிறது!

பத்திரிகை செய்த துணிச்சல்

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்டது லினக்ஸ். கம்ப்யூட்டரை இயக்கும் இந்த அடிப்படை மென்பொருளை யாரும் காசில்லாமல் எடுத்துக் கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இந்தச் சுதந்திரத்துக்காக 1983 முதல் பாடுபட்டு வரும் அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்டால்மன், 2001 ஜூலை 20-ந் தேதி இந்தியாவுக்கான அமைப்பைத் தொடங்கி வைத்த இடம் திருவனந்தபுரமே.

இங்கிருந்து வெளிவரும் 'ஜனயுகம்' மலையாள நாளிதழ், பக்கம் கட்டப் பேஜ்மேக்கரை நம்பியிருந்தது. 2001-ல் வந்த 7-ம் பதிப்போடு பேஜ்மேக்கர் நின்றுவிட்டது. இன்றைய பொது எழுத்து முறையான யுனிகோடும் அதற்குத் தெரியாது. நம் தமிழ் டி.டி.பி. கடைகளுக்கும் பழக்கமான தலைவலி இது. ஒரு எழுத்துருவில் அடித்ததை வேறொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும்!

2019-ல் ஜனயுகம் துணிந்து மாறியது. குபுண்டு என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துத் தனக்கென ஒரு தொகுப்பு அமைத்துக் கொண்டது. பக்கம் கட்ட ஸ்கிரைபஸ், போட்டோவுக்கு ஜிம்ப், கோட்டுச் சித்திரத்துக்கு இங்க்ஸ்கேப், ஓவியத்துக்குக் கிருதா. ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. பத்திரிகை தடையின்றி வெளிவந்தது.

பிள்ளைகள் அறிந்த வித்தை

இது நம் வீடுகளுக்கும் புதிதல்ல. கேரள அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் லினக்ஸில்தான். 2019-ல் புதிய தொகுப்பு வெளியானபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் அது போடப்படும் என்றும், லைசென்ஸ் வகையில் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் மதிப்பிடப்பட்டது. அப்பா கடையில் தடுமாறும் வேலையை, ஹைஸ்கூல் படிக்கும் பெண் ஜிம்பில் செய்து காட்டிவிடக்கூடும்!

பழைய கம்ப்யூட்டர் போதுமா?

கலைஞர்களுக்கென்றே 2007 முதல் 'உபுண்டு ஸ்டூடியோ' என்ற தொகுப்பு வருகிறது. படம், போட்டோ, ஒலி, வீடியோ வேலைக்கான கருவிகள் அதில் சேர்ந்தே இருக்கும். கம்ப்யூட்டர் பழையதாக இருந்தால் அது பாரமாகலாம். அத்தகையவர்கள் சுபுண்டு, எம்.எக்ஸ். லினக்ஸ் போன்ற இலேசான தொகுப்பைப் போட்டு, தேவையான நாலு கருவிகளை மட்டும் சேர்த்துக் கொள்ளலாம். முதலில் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் பைல்களுக்குச் சேதமில்லை.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பெரிய போட்டோவைத் திறந்தால் அது தன் பங்குக்கு நினைவகத்தை விழுங்கும். தொகுப்பு இலேசானது என்பதற்காகப் படமும் இலேசாகிவிடாது!

சிரமங்களும் உண்டு

பேஜ்மேக்கரில் சேமித்த பழைய பைல்களை அப்படியே கொண்டு வர முடியாது. போட்டோஷாப் பைல்கள் சில ஜிம்பில் ஒழுங்காகத் திறக்காது. அச்சகம் கேட்கும் நான்கு நிறப் பிரிப்பை ஸ்கிரைபஸ் வழியாக பி.டி.எப். ஆக்கிக் கொடுக்க வேண்டும். கை பழகும் வரை வேலை மெதுவாகத்தான் நடக்கும். எனவே கடையில் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் முதலில் மாற்றி, அவசரமில்லாத வேலைகளை அதில் செய்து பழகுவதே புத்திசாலித்தனம்.

ஊரை விட்டு வந்து உழைப்பவனுக்குத் தொழில்தான் முதல். அந்தத் தொழிலின் கருவி மாதச் சந்தாவுக்கும், திருட்டுப் பிரதி பிடிபடுமோ என்ற பயத்துக்கும் கட்டுப்பட்டிருக்க வேண்டுமா? ஒரு நாளிதழே மாறிக் காட்டிவிட்டது. ஒரு சின்னக் கடை மாற முடியாதா என்ன!