கணக்கோடு அமைப்புகளையும் சேமியுங்கள்

நடைமுறை மூலதனக் கடன் பெற்ற நிறுவனங்கள் மாதந்தோறும் வங்கிக்கு அளிக்கும் சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி அறிக்கைகள் இன்று பெரும்பாலும் கணக்கியல் மென்பொருளிலிருந்தே எடுக்கப்படுகின்றன. பதிவு செய்த தொகைகளை மட்டுமன்றி, அவை எவ்வாறு கணக்கிடப்பட வேண்டும் என்று மென்பொருளில் நாம் செய்துள்ள அமைப்புகளையும் பொறுத்தே அவ்வறிக்கைகள் உருவாகின்றன. கணினியை மாற்றும்போது பதிவுகளைப் பத்திரமாக எடுத்துச் செல்லும் பலர், அமைப்புகளை மறந்துவிடுகின்றனர்.

நாடெங்கும் பரவலாகப் பயன்படும் டேலி பிரைமையே எடுத்துக்கொள்வோம். பாக்கிகளின் வயதைக் காட்டும் அறிக்கையில், நாட்களை பில் தேதியிலிருந்து எண்ணுவதா, தவணைத் தேதியிலிருந்து எண்ணுவதா என்பதை எஃப் 6 விசையால் தேர்வு செய்கிறோம். ஜூன் 1 அன்று, 45 நாள் தவணையில் ஒரு பில் போடப்பட்டதாகக் கொள்வோம். செப்டம்பர் 30 அன்று பில் தேதிப்படி அதன் வயது 121 நாட்கள். தவணை முடிந்த ஜூலை 16 முதல் எண்ணினாலோ 76 நாட்களே. பில் தேதியிலிருந்து 90 நாட்களைக் கடந்த பாக்கிகள் சேரா என்று கடன் அனுமதிக் கடிதம் கூறுமாயின், இந்த பில் டிராயிங் பவர் கணக்கில் வரக்கூடாது. தவறான தேர்வினால் அது சேர்ந்துவிடும். பதிவில் பிழை ஏதுமில்லை. ஆயினும் வங்கிக்குச் சென்ற தொகை மிகை. தணிக்கையில் இது வெளிப்பட்டு டிராயிங் பவர் குறைக்கப்பட்டால், சம்பளம் வழங்கும் வாரத்தில் காசோலை திரும்பவும் நேரலாம்.

ஆகவே, சரியான தேர்வுகளுடன் அறிக்கையைத் திறந்து, கன்ட்ரோல் எல் அழுத்தி, அந்தத் தோற்றத்தை ஒரு பெயரிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். கணக்கர் மாறினாலும் அறிக்கை மாறாது.

எஃப் 11 விசையின்கீழ் வரும் நிறுவன அமைப்புகள் அந்நிறுவனத்தின் தரவோடு சேர்ந்தே இருப்பதால், பேக்கப் எடுக்கும்போது உடன் வந்துவிடும். எஃப் 12இல் செய்யும் தேர்வுகளுள் பல அந்தக் கணினியிலேயே தங்கிவிடுவன. அத்திரைகளை அச்சிட்டு, கடன் அனுமதிக் கடிதத்தின் நகலோடு கோப்பில் வைத்துக்கொள்வதே எளிய வழி. பழைய முறைதான், ஆனால் பயன் தரும். கம்பெனிச் சட்டத்திற்கு உட்பட்ட நிறுவனங்கள் மின்னணுக் கணக்குகளின் பேக்கப்பை இந்தியாவிலுள்ள சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்பது 2022 முதல் விதியாகவே உள்ளது.

சேமிப்பதைவிட மீண்டும் ஏற்றுவதில்தான் கவனம் மிகுதியாகத் தேவை. பழைய பேக்கப்பை நடப்புக் கணக்கின் மேலேயே ஏற்றினால், இடைப்பட்ட பதிவுகள் அழிந்துபோகும். முதலில் தனி ஃபோல்டரில் ஏற்றிச் சரிபார்ப்பது நலம். சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் 2025 செப்டம்பர் 22 அன்று மாற்றியமைக்கப்பட்டன. அதற்கு முந்தைய பேக்கப்பில் பழைய விகிதங்களே இருக்கும்.

பேரேட்டுத் தலைப்புகளையும் சரக்கு விவரங்களையும் வேறொரு நிறுவனக் கணக்கிற்குக் கொண்டுசெல்லும்போது, ஏற்கெனவே உள்ளவற்றை என்ன செய்வது என்று மென்பொருள் கேட்கும். தொடக்க இருப்புகளைக் கூட்டுவது, இரட்டைப் பதிவுகளை விட்டுவிடுவது, புதிய விவரத்தால் மாற்றுவது என மூன்று வழிகள் உண்டு. ஒரே கோப்பை இருமுறை ஏற்றி, முதல் வழியைத் தேர்ந்தால் தொடக்க இருப்பு இரட்டிப்பாகிவிடும். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் இருப்பாய்வு எடுத்து ஒப்பிட்டால், ஐந்து நிமிடங்களில் இது தெரிந்துவிடும்.