முதற் பந்தயத்திற்கு ஓடிப் பழகுதல்

ஓடுதல் மக்கட்கு இயற்கையாய் அமைந்த செயல்களுள் ஒன்று. நடை பழகிய குழவி சின்னாளில் தானே ஓடத் தலைப்படுகின்றது. அதற்கு ஆசிரியர் எவரும் வேண்டப்படுவதில்லை. அங்ஙனமாகவும், இருபது வயது நிரம்பிய இளைஞர் பேருந்தைப் பிடித்தற்கு நூறு கஜம் ஓடி, மூச்சுத் திணறிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்றலை நாடோறும் காண்கின்றோம். பெற்ற ஆற்றல் பயிலாமையாற் குன்றும். முறையாகப் பயின்றால் மீளும். பந்தயத்தில் ஒருமுறையேனும் ஓடியறியாத ஒருவர் ஐந்து அல்லது பத்துக் கிலோமீட்டர்ப் பந்தயமொன்றை நோக்கி எவ்வாறு பயிலல் வேண்டும், அதனால் அவர் எய்தும் பயன் யாது என்பவற்றைத் திருப்பூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் மனத்திற்கொண்டு ஈண்டு விளக்கக் கருதுகின்றோம்.

நம் நாட்டுக் கல்லூரிகளுக்கு ஓட்டப் பந்தயம் புதியதன்று. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-ஆம் ஆண்டிற் சென்னையில் ஒய். எம். சி. ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். 1924-இற் பாரிஸ் நகர் ஒலிம்பிக் பந்தயங்கட்குச் சென்ற இந்தியக் குழுவினருடன் சென்றவரும் அவரே. ஆயினும் அக்காலத்துப் பந்தயம் வல்லார்க்கே உரியதாயிருந்தது. ஆண்டு விழா நாளில் ஆறெழுவர் ஓடுவர். ஏனையோர் நிழலிலிருந்து கைதட்டுவர். இந்நாளில் நிலைமை வேறு. நமக்கு அண்மையிலுள்ள கோயம்புத்தூரில் 2013 முதல் புற்றுநோய்ப் பணிக்கு நிதி திரட்டும் பொருட்டு மாரத்தான் நடைபெற்று வருகின்றது. அதில் 21.1 கிலோமீட்டர் ஓடுவாரும் உளர். பத்தும் ஐந்தும் ஓடுவாரும் உளர். வெல்லும் எண்ணத்தோடு வருபவர் சிலர். முடித்தல் வேண்டும் என்னும் எண்ணத்தோடு வருபவரே மிகப் பலர். மாரத்தான் என்னும் பெயர் 42.195 கிலோமீட்டர் ஓட்டத்திற்கே உரியதாயினும், ஐந்து கிலோமீட்டரையும் மாரத்தான் என்று சுவரொட்டியில் அச்சிடுதல் நம்மூர் வழக்கமாயிற்று. அதனாற் பெருந்தீங்கில்லை. பெயர் கொடுக்கு முன் தூரத்தை விசாரித்துக்கொண்டாற் போதும்.

திருப்பூர்ப் பக்கத்து இளைஞர்க்கு இப்பயிற்சியில் ஒரு தனித்த இடையூறு உண்டு. அது சோம்பலன்று, அதற்கு நேர் மாறானது. பனியன் கம்பெனிகளில் தையல் முதலிய வேலைகளுட் பல பீஸ் ரேட்டுக்கே நடைபெறுகின்றன. ஓவர்லாக் மிஷினில் அமர்ந்தவர் எத்தனை உருப்படி தைத்தாரோ அத்தனைக்கே கூலி. கூடத் தைத்தவர்க்குக் கூடக் கிடைக்கும்; நின்றவர்க்கு ஒன்றுமில்லை. அவ்வேலையாற் பிழைக்கும் வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வருவோர் பலர். விடுமுறையில் தாமே அவ்வேலை செய்து சம்பளம் கட்டுவோரும் உளர். இத்தகையோர் ஓடத் தொடங்கின், தம்மையறியாமலே அக்கணக்கை உடலின்மேல் ஏற்றுகின்றனர். முதல் நாள் இரண்டு கிலோமீட்டர், மறுநாள் மூன்று, அதற்கடுத்த நாள் நான்கு. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாதலின் ஏழு. மூன்றாம் வாரத்தில் முழந்தாளின் கீழ் முன்னெலும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்கின்றனர். "ஓட்டம் நமக்கு ஆகாது" என்று முடிவு செய்துவிடுகின்றனர்.

உடல் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்வதன்று. ஓடும்பொழுது உடல் தளர்கின்றதேயன்றி வலுப்பெறுவதில்லை. தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. சேமித்து வைத்த சர்க்கரைச் சத்துச் செலவாகின்றது. பின்னர் உண்டு, உறங்கி, ஓய்ந்திருக்கும் நாழிகைகளிலேயே சிதைந்தது முன்னினும் உறுதியாகச் செப்பனிடப்படுகின்றது. நம்மூர் வழக்கிற் கூறின், ஓட்டம் ஆர்டர் கொடுக்கின்றது. சரக்கு உருவாவது ஓய்விலே. ஆர்டரை மட்டும் நாடோறும் குவித்துக்கொண்டு சரக்கு எங்கே என்று கேட்பதிற் பொருளில்லை.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. உடலின் பகுதிகள் யாவும் ஒரே வேகத்தில் வலுப்பெறுவதில்லை. ஓடத் தொடங்கிய இரண்டொரு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகின்றது. சில வாரங்களில் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னினும் மிகுதியான இரத்தத்தைச் செலுத்தப் பழகுகின்றது. தசைகளுள் நுண்குழாய்கள் மிகுகின்றன. உணவை ஆற்றலாக மாற்றும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளும் பெருகுகின்றன. இவற்றால் மூச்சு இலகுவாகின்றது. ஆனால் எலும்பும், தசையை எலும்போடு பிணிக்கும் நாண்களும் உறுதிப்படுதற்குத் திங்கள் பல செல்லும். ஓடும்பொழுது ஓரடி வைக்குந்தோறும் உடலெடையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலின்மேல் தாக்குகின்றது. ஆகவே நான்காம் ஐந்தாம் வாரமே பெரிதும் அஞ்சத்தக்கது. மூச்சு "இன்னும் ஓடு" என்னும். எலும்போ இன்னும் ஆயத்தமாகவில்லை. புதியவர் பெரும்பாலும் காயமுறுவது, ஓட்டம் கடினமாயிருக்கும் முதல் வாரத்திலன்று, எளிதாகத் தோன்றும் இக்காலத்திலேயே.

இனிப் பயிலும் முறையைக் கூறுவாம். வாரத்தில் மூன்று நாள் போதும். இரண்டு ஓட்ட நாட்களுக்கிடையில் ஒரு நாளேனும் இடைவெளி வேண்டும். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விரைந்து நடந்தபின், ஒரு நிமிடம் ஓடுக. இரண்டு நிமிடம் நடக்க. இங்ஙனம் பத்துமுறை செய்யின் அரைமணி நேரமாகும். நடத்தலை இழிவென்று கருதற்க. அடுத்தடுத்த வாரங்களில் ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நடக்கும் நேரத்தைக் குறைத்து வருக. ஒன்பது அல்லது பத்தாம் வாரத்தில் அரைமணி நேரம் நில்லாது ஓடுதல் பெரும்பாலார்க்குக் கைகூடும். அந்நிலையை எய்தியவர் ஐந்து கிலோமீட்டர்ப் பந்தயத்திற்குத் துணிந்து பெயர் கொடுக்கலாம். பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் இரண்டு மூன்று திங்கள் வேண்டும். அக்காலத்தில் வாரந்தோறும் மொத்தத் தூரத்தைப் பத்திலொரு பங்குக்கு மேல் உயர்த்தற்க என்பர். அது வழக்கில் வந்த அளவேயன்றி மாறா விதியன்று. ஆயினும் அவசரக்காரர்க்கு நல்ல கடிவாளம். மூன்று வாரம் கூட்டினால், நான்காம் வாரத்திற் சிறிது குறைத்துக்கொள்ளுதலும் நன்று.

வேகம் எவ்வளவு என்று வினவின், உடன் ஓடுபவரோடு முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே ஓடத்தக்க வேகம் என்று விடை கூறுவோம். இரண்டு சொற்களுக்கிடையில் மூச்சு வாங்குமாயின் வேகம் மிகையென்றறிக. இம்மெல்லோட்டத்தைக் கண்டு தெருவினர் நகைப்பாரென்று பலர் நாணுகின்றனர். தெருவினர் எவ்வேகத்தில் ஓடினும் நகைப்பர். ஒரு திங்களில் அவர்கட்கே அது பழகிவிடும்.

இனிக் காலமும் இடமும். ஓடும்பொழுது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்காற் பங்கு வெப்பமாகவே மாறுகின்றது. வியர்வை ஆவியாதலே அவ்வெப்பம் வெளியேறும் தலையாய வழி. சித்திரை, வைகாசித் திங்களில் வெயிலேறிய பின் ஓடுதல் இருதயத்திற்கு இரட்டைச் சுமை. எனவே வைகறையே சிறந்தது. வெப்பத்திற்கு உடல் பழகுதற்குப் பத்து முதற் பதினான்கு நாள் வரை செல்லும். அதுவரையிற் குறைத்தே ஓடுக. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில், பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழலும் நாட்களில், எதிர்க்காற்றில் ஒரு கிலோமீட்டர் ஓடுதல் வேறு நாளில் ஒன்றரை ஓடுதலை ஒக்கும். அந்நாளிற் கடிகாரத்தைப் பாராதொழிக.

அவிநாசிச் சாலையிலும் பல்லடம் சாலையிலும் இருள் பிரியாத நேரத்திலேயே லாரிகளும் ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வேன்களும் விரைகின்றன. சாலையில் ஓடியே தீரவேண்டுமாயின், வண்டிகளை எதிர்நோக்குமாறு வலப்பக்கத்தில், வெளிறிய நிறச் சட்டையணிந்து ஓடுக. கல்லூரி மைதானமோ, பரம்பிக்குளம் - ஆழியாற்று வாய்க்காற் கரையிலுள்ள மண்பாதையோ அண்மையிலிருப்பின் அதுவே தக்கது. நாய்கள் துரத்தின் ஓட்டத்தை நிறுத்தி நடத்தலே உபாயம்; பயிற்சியின் பொருட்டு அவற்றோடு பந்தயமிடுதல் வேண்டா.

காலை எட்டரைக்கு வேலையிற் புகுந்து இரவு வரை ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்க்கு வைகறை எங்கே உளது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நள்ளிரவிற் படுத்து நான்கரைக்கு எழுந்து ஓடுக என்று யாம் கூறோம். ஆறு மணி நேரமேனும் உறங்காத நாளில் ஓட்டத்தை விடுத்து உறங்குதலே பயிற்சியாகும். அத்தகையோர் வார விடுமுறை நாளில் ஒன்றும், வேலை குறைந்த நாட்களில் ஒன்றிரண்டுமாக வைத்துக்கொண்டு, பத்து வாரப் பயிற்சியைப் பதினாறு வாரமாக நீட்டிக்கொள்ளலாம்.

ஓடத் தொடங்குமுன் மருத்துவரைக் காணவேண்டியவரும் உளர். மார்பு வலி, மயக்கம், குடும்பத்தில் இளவயதில் இருதய நோயால் இறந்தார் என்னும் வரலாறு ஆகியவற்றுள் ஒன்றுடையார் காணுதல் வேண்டும். நூற்பாலைகளில், அதிலும் பஞ்சு பிரிக்கும் பகுதிகளில், வேலை செய்தவர்க்குப் பஞ்சுத் தூசியால் மார்பு இறுக்கம் உண்டாவதுண்டு. வார விடுமுறை கழிந்து மீண்டும் வேலைக்குச் சென்ற முதல் நாளில் அவ்விறுக்கம் மிகுந்து தோன்றுதல் அந்நோயின் குறி. அதனைப் பயிற்சியால் வென்றுவிடலாம் என்றெண்ணி மறைத்து ஓடுதல் கூடாது.

பெண்கட்கு மற்றொரு செய்தி கூறவேண்டும். 2019-21-இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வரை வயதுடைய பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்த சோகையுடையார். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினே மூச்சுக்காற்றைத் தசைகட்கு எடுத்துச் செல்வது. அது குறைந்தவர் எத்துணைப் பயின்றும் முன்னேறாது, தம்மைத் தாமே வலியற்றவரென்று பழித்துக்கொள்வர். குறை மனத்திலன்று, இரத்தத்தில். ஆதலின் முதற்கண் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் கூறின் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்க. உண்டவுடன் தேநீர் பருகுதல் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றது. வேளைக்கு வேளை தேநீர் ஓடும் இவ்வூரில், அதனை உணவுக்கு ஒரு மணி நேரமேனும் விலக்கி வைத்தல் செலவில்லாத மருந்து.

உடையைப் பற்றி உலகிற்கே உடை தைத்தனுப்பும் ஊரார்க்குக் கூறவேண்டுவது சிறிதே. பருத்திப் பனியன் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு மணி ஓட்டத்தில் நனைந்து கனத்து, அக்குளிலும் மார்பிலும் உராய்ந்து புண்ணாக்கும். பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டை விரைவில் உலரும். உராயும் இடங்களிற் சிறிது தேங்காயெண்ணெய் தடவுக. காலணி அளவிற் பொருந்தியதாய், முன்விரலுக்கு இடம் விட்டதாய் இருத்தலே முதன்மை, விலை அதன்பின். மதுரைச் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி என்பார் பெற்றோரை இழந்து பாட்டியாரால் வளர்க்கப்பட்டவர்; தொடக்கத்தில் வெறுங்காலோடு பந்தயங்களில் ஓடியவர். மதுரை லேடி டோக் கல்லூரியிற் பயின்ற அவர், 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிற் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவிற்காக ஓடினார். காலணியில்லாமை பயிற்சிக்குத் தடையன்று என்பதற்கு இஃது சான்று. ஆயினும் இளமை முதற் செருப்பணிந்து பழகிய பாதத்தை ஒரே நாளில் வெறுங்காலாக்கி ஓட்டுதல் துன்பந் தரும்.

இனிப் பயன். பயிற்சி தொடங்குமுன் காலையிற் படுக்கையிலிருந்தபடியே நாடித்துடிப்பை எண்ணி எழுதி வைப்பவர், மூன்று திங்கள் கழித்து அது சில துடிப்புகள் குறைந்திருத்தலைக் காணலாம். அதே இரத்தத்தை இருதயம் குறைந்த உழைப்பிற் செலுத்துகின்றது என்பதே அதன் பொருள். உறக்கம் ஆழ்கின்றது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்படுதற்குத் துணையாகின்றது. அமெரிக்காவில் 55,000-க்கு மேற்பட்டோரைச் சராசரி பதினைந்து ஆண்டுகள் நோக்கிய ஆராய்ச்சியொன்று 2014-இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு ஐந்து முதற் பத்து நிமிடம் மெல்ல ஓடுவாரிடத்தும், ஓடாதாரைக் காட்டிலும் இருதய நோயால் இறத்தல் மிகக் குறைவாயிருந்தது. ஓடுவோர் வேறு நல்வழக்கங்களும் உடையராயிருத்தல் கூடுமாதலின், அதனை முழுதும் ஓட்டத்தின் பயனென்று கூறல் மிகையாகும். பயனுண்டு என்பதில் ஐயமில்லை. முழங்கால் தேய்ந்துவிடும் என்று பெரியோர் தடுப்பதுண்டு. அளவாய் ஓடுவோர்க்கு முழங்கால் மூட்டுநோய், ஓடாது அமர்ந்திருப்போர்க்கு வருவதனினும் குறைவென்றே ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

எமது கருத்தில் இவற்றினும் பெரிய பயன் ஒன்றுண்டு. சைரனும் டெலிவரி நாளும் ஷிப்மெண்ட்டும் ஆளும் ஊரில், ஒருவர் நேரம் பெரும்பாலும் பிறர்க்கு விற்கப்பட்டதாயுள்ளது. வாரத்தில் மூன்று முறை வரும் அவ்வரைமணி நேரத்திற்கு விலையில்லை. அதை எண்ணுதற்கு மேற்பார்வையாளரில்லை. மெல்ல ஓடினும் கூலி குறையாது. இதனை முதன்முறை உணர்ந்தவர் பந்தயம் முடிந்த பின்னும் ஓட்டத்தை விடுவதில்லை.

பந்தய வாரத்திற் பாதியளவே ஓடுக. முதல் நாள் இரவு புதிய உணவு எதனையும் முயலற்க. காலையில் இரண்டு இட்டிலியோ ஒரு வாழைப்பழமோ போதும், அதுவும் இரண்டு மணி நேரம் முன்னதாக. தாகத்திற்கேற்ப நீர் பருகுக. தாகமின்றிக் குடம் குடமாய்ப் பருகுதலும் இரத்தத்தின் உப்பைக் குறைத்துத் தீங்கு செய்யும். தொடக்கத்திற் கூட்டத்தோடு கூட்டமாய் அனைவரும் விரைவர். அவர்களை விட்டுவிடுக, நான்காவது கிலோமீட்டரில் அவருட் பாதிப்பேரை நடந்து செல்பவராய்க் காணலாம். முடித்தவுடன் அமர்ந்துவிடாது பத்து நிமிடம் நடக்க. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடைகள் வலிக்கும். படியேறுதலினும் படியிறங்குதலே கடினமாயிருக்கும். மூன்று நான்கு நாளில் அது தானே நீங்கும். தைலம் தேய்க்கினும் நீங்கும், தேய்க்காவிடினும் நீங்கும்.