வீடு கட்டுமுன் போடவேண்டிய கணக்கு

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது அனுபவத்தின் வார்த்தை. இரண்டிலும் தொடக்கத்தில் போடும் கணக்கு ஒன்று, முடிவில் வந்து நிற்கும் கணக்கு வேறொன்று. குடாநாட்டின் எந்தக் கிராமத்து ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன சுவர்களையும், கூரை ஏறியும் கதவு யன்னல் காணாத வீடுகளையும் நாம் காண்கின்றோம். இதற்கு வறுமை மட்டும் காரணமல்ல. முழுச் செலவையும் எண்ணிப் பாராமல் அத்திவாரம் வெட்டியதும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

எமது மக்களுக்கு வீடு என்பது வெறும் கட்டடமல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரும், அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 இல் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்களும் இழந்தவற்றுள் முதன்மையானது வீடே. ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்களுக்குக் காணி எஞ்சியிருந்தது. கூரையும் கதவும் எஞ்சியிருக்கவில்லை. அன்று ஒரு குடும்பமாகச் சென்றவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பல குடும்பங்களாகத் திரும்பியபோது, ஒரு வீடு இருந்த காணியில் மூன்று வீடுகள் தேவைப்பட்டன. எனவே தவறான கணக்கினால் இன்னொரு முறை வீட்டை இழக்கும் நிலை எவருக்கும் வரக்கூடாது.

போருக்குப் பின்னரான வீட்டுத்திட்டங்கள் இவ்விடயத்தில் எமக்குத் தரும் பாடம் பெரிது. 50,000 வீடுகளுக்கான இந்திய வீட்டுத்திட்டம் 2010 நவம்பரில் அரியாலையில் தொடக்கிவைக்கப்பட்டது. 2012 முதல் வடக்குக் கிழக்கில் அதன் பெரும்பகுதி, பயனாளிகள் தாமே முன்னின்று கட்டும் முறையில் நடைபெற்றது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. பரப்பளவு ஏறத்தாழ 550 சதுர அடி. அதாவது சதுர அடிக்கு ஆயிரம் ரூபா. வேலை நகர நகரப் பணம் கட்டங்கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் இதனால் நிரந்தரக் கூரையைப் பெற்றன.

ஆனால் அதே திட்டத்தில் கடனாளியானவர்களும் உளர். "கட்டுகிறது கட்டுகிறோம், இன்னும் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவோம்" என்ற எண்ணமே பலரை அங்கு கொண்டுசென்றது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 550 சதுர அடி வீட்டை 800 சதுர அடியாக்கினால், அன்றைய கணக்கின்படி மேலதிகச் செலவு 250,000 ரூபா. அதனை மாதம் இரண்டு வீத வட்டிக்கு, மூன்றாண்டுத் தவணையில் கடனாகப் பெற்றால் மாதந்தோறும் கட்டவேண்டியது ஏறத்தாழ 9,800 ரூபா. மூன்றாண்டு முடிவில் கட்டிய மொத்தம் 353,000 ரூபாவைத் தாண்டும். தோட்டத்தையோ, கடலையோ, நாட்கூலியையோ நம்பியிருக்கும் குடும்பத்துக்கு மழை பிழைத்தாலும் தொழில் படுத்தாலும் இந்தத் தவணை நிற்காது. அடகு வைத்த நகை மூழ்குவதும், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

இரண்டாவது பாடம், வரும் என்று சொல்லப்பட்ட பணம் கையிலுள்ள பணமாகாது என்பது. 2019 நவம்பரில் ஆட்சி மாறிய பின்னர், அதற்கு முன் தொடங்கிய அரச மாதிரிக் கிராமத் திட்டங்களில் மிகுதித் தவணைகள் தடைப்பட்டன. முதற் கொடுப்பனவை நம்பி இருந்த கொட்டிலையும் பிரித்துவிட்டு வேலையைத் தொடங்கியவர்கள், அரைகுறைச் சுவர்களுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ நேர்ந்தது. வெளிநாட்டு உறவினர் அனுப்புவதாகச் சொன்ன தொகைக்கும், விற்கவிருக்கும் காணியின் விலைக்கும் இதே நியாயம் பொருந்தும்.

மூன்றாவது, விலை நிலையாக நிற்பதில்லை. 2021 இன் தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை, 2022 இன் நடுப்பகுதியில் மூவாயிரம் ரூபாவை எட்டியது. நூறு பைகளுக்கு ஓர் இலட்சம் ஒதுக்கியிருந்தவர் மூன்று இலட்சம் தேடவேண்டியிருந்தது. கம்பி, ஓடு, வயர், வர்ணம் யாவும் டொலரின் பின்னால் ஓடின. அத்தகைய நெருக்கடி ஒவ்வோர் ஆண்டும் வருவதில்லை என்றாலும், ஓராண்டுக்கு மேல் நீளும் எந்த வேலைக்கும் விலையேற்றத்துக்கென ஒரு பங்கை ஒதுக்கியே ஆகவேண்டும். மொத்த மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கையாவது தொடாமல் வைத்திருப்பது நன்று.

இவற்றை மனத்திற்கொண்டு கணக்கை எங்கிருந்து தொடங்குவது? வரைபடத்திலிருந்து அல்ல, கையிருப்பிலிருந்து என்பதே எமது கருத்து. கையிலுள்ள பணம், உறுதியாக வரக்கூடிய பணம், வருமானத்தில் சிரமமின்றித் திருப்பிக் கட்டக்கூடிய கடன் ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதவேண்டும். அந்தக் கூட்டுத்தொகைக்குள் அடங்கும் வீட்டையே வரையச் சொல்லவேண்டும்.

அடுத்து, "சதுர அடி இவ்வளவு" என்று மேசனோ ஒப்பந்தகாரரோ சொல்லும் விலையில் எவை அடங்குகின்றன என்று கேட்டறிதல் அவசியம். வரைபடக் கட்டணம், பிரதேச சபை அல்லது மாநகர சபை அனுமதி, கிணறு, மலசலகூடம், மின் இணைப்பு, நீர்க்குழாய் வேலை, கதவு யன்னல், மதில் என்பன பெரும்பாலும் அந்த விலைக்கு வெளியே நிற்பவை. ஒரு கட்டடப் பொறியியலாளரிடமோ படவரைஞரிடமோ சிறு தொகை கொடுத்து, எத்தனை கல், எத்தனை கியூப் மணல், எத்தனை பை சீமெந்து, எவ்வளவு கம்பி என்று கணியப் பட்டியல் ஒன்றைப் பெற்றுக்கொள்வது வீண்செலவல்ல. அந்தப் பட்டியலைக் கொண்டு இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டால், எமது கணக்கு ஊகமாக இராது.

குடாநாட்டுக்கே உரிய செலவுகளும் சில உண்டு. எமது நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணக்கல். அதில் அழுக்கு நீர் எளிதில் ஊறிச் சென்று கிணற்றைச் சேரும். இரண்டு பரப்புக் காணியில் மூன்று குடும்பங்கள் வீடு கட்டும்போது, பக்கத்து வளவுக் கிணற்றையும் கருத்திற்கொண்டே மலக்குழியின் இடத்தைத் தீர்மானிக்கவேண்டும். கசிவற்ற தொட்டி தேவையா என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டு, அச்செலவைப் பட்டியலில் சேர்த்துவிடுவது நல்லது. தீவகத்திலும் கரையோரங்களிலும் உவர்நீரைக் கொங்கிறீற்றுக்குப் பயன்படுத்தினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். நன்னீர் ஏற்றி இறக்கும் செலவு அங்கு தவிர்க்க முடியாதது. மணலை அனுமதிப்பத்திரம் உள்ளவரிடமே வாங்கவேண்டும். மலிவென்று களவு மணலை வாங்குவோர், வடமராட்சி கிழக்கின் மணல் திட்டிகள் அழியவும் உடந்தையாகின்றனர்.

மலிவு எது என்பதைப் பராமரிப்பையும் சேர்த்தே அளக்கவேண்டும். 65,000 உருக்கு வீடுகளை வடக்குக் கிழக்கில் அமைக்கும் யோசனை 2015, 2016 காலத்தில் முன்வைக்கப்பட்டபோது, ஒரு வீட்டுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் மதிப்பிடப்பட்டது. அதனிலும் குறைந்த செலவில் கல்வீடு கட்டலாம் என்றும், எமது வெப்பத்துக்கும் உப்புக் காற்றுக்கும் உருக்கு ஒவ்வாது என்றும், உள்ளூர் மேசனும் தச்சரும் அதைத் திருத்த முடியாது என்றும் எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. அத்திட்டம் முன்னெடுக்கப்படவில்லை. தனி வீட்டுக்கும் இதே அளவுகோல்தான். வைரம் பாய்ந்த பனை மரமும் ஓடும் தலைமுறைகளாக எமக்குத் தெரிந்த கூரை. பழுதானால் திருத்த ஊரிலேயே ஆள் உண்டு.

வேலையைக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வதே கடனுக்கு அணை. முழு வீட்டையும் வரைந்து அனுமதி பெறலாம். ஆனால் முதலில் ஓர் அறை, சமையலறை, மலசலகூடம் என்பவற்றைக் கூரையோடும் கதவோடும் முடித்துக் குடிபுகவேண்டும். மற்ற அறைகள் பின்னர் வரும். வட்டியைத் தவிர்க்கவேண்டும் என்ற மார்க்கக் கடமையுள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு இம்முறை இன்னும் பொருத்தமானது. ஒப்பந்தகாரருடன் எழுத்தில் உடன்படிக்கை செய்து, முடிந்த வேலைக்கே பணம் கொடுத்து, இறுதித் தொகையில் ஒரு பகுதியை முதல் மழை கழியும் வரை நிறுத்திவைப்பதும் நல்ல வழக்கம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி, பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்தே தீரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு எமது சமூகங்களை அழுத்துகின்றது. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட அளவில் வீடு எழும்பும். அதன் தவணையைத் தந்தை முதுமை வரை கட்டுவார். எத்தனை அறை வேண்டும் என்பதைக் குடியிருப்போரின் தொகை தீர்மானிக்கட்டும். ஊரின் வாய் தீர்மானிக்க வேண்டாம்.

அதிகாரிகளுக்கும் கடமையுண்டு. உள்ளூராட்சி சபைகள் சிறு காணிகளுக்கேற்ற, படிப்படியாக விரிக்கக்கூடிய சில மாதிரி வரைபடங்களைக் கணியப் பட்டியலுடன் தமிழில் தயாரித்து மக்களுக்கு வழங்கினால், அரைகுறை வீடுகளின் தொகை குறையும். அதற்குப் பெரும் நிதி தேவையில்லை. உதவித்திட்டங்களை அறிவிப்போர் முழுத்தொகையும் ஒதுக்கப்பட்ட பின்னரே மக்களை அத்திவாரம் வெட்டச் சொல்லவேண்டும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். கடனின்றி உறங்கும் இரண்டு அறை வீடு, கடன்காரன் வந்து கதவைத் தட்டும் ஐந்து அறை வீட்டிலும் பெரியது. பலமுறை வீடிழந்த எமது மக்கள் இனிக் கட்டும் வீடு, அவர்களிடமே நிலைத்திருக்கும் வீடாக அமையட்டும்.