பின் ஆசனத்துத் திரை: விலை கேட்குமுன் வயரைக் கேளுங்கள்

பெருநாள் விடுமுறையோ ஏப்ரல் விடுமுறையோ நெருங்கினால் வாகன செட் பூட்டும் கடைகளில் ஒரு பொருளுக்குக் கிராக்கி கூடிவிடும். பின் ஆசனத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் படம் காட்டும் திரைதான் அது. கொழும்பிலிருந்து கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ குடும்பத்தோடு போகிறவருக்கு ஏழெட்டு மணித்தியாலப் பயணம். பாதி வழி போகுமுன்னே "வாப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி நாற்பது தரம் வந்துவிடும். அதற்குப் பதிலாகத்தான் நம்மவர்கள் திரை பூட்டுகிறார்கள். அதில் நான் குறை காணவில்லை. திரையில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதை உலமாக்களிடமும் தாய்மாரிடமும் விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது வியாபாரம்.

இது புதிய விடயமும் அல்ல. அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டிலேயே ஓல்ட்ஸ்மொபைல் கம்பனி தனது சில்ஹவுட் வேனின் ஒரு மொடலில் வீடியோ கெசட் பிளேயரையும் கூரையிலிருந்து இறங்கும் திரையையும் பூட்டி விற்றது. பிறகு டிவிடி வந்தது. யப்பானில் பாவித்த வேன்கள் இங்கு வந்து இறங்கியபோது அவற்றின் கூரையில் மடித்து வைத்த திரைகளை நாமும் கண்டோம். இப்போது டிவிடி தட்டும் ஓய்ந்து, அண்ட்ரொயிட் செட்டும் டெப்பும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் புது வாகனம் வாங்க வழியில்லாதவர்கள் இருக்கும் வாகனத்தையே அழகுபடுத்தினார்கள். குஷன் வேலை செய்பவருக்கும் செட் பூட்டுபவருக்கும் அதனால் வேலை கிடைத்தது. நல்லதுதான். ஆனால் பூட்டத் தெரிந்தவர்களோடு பூட்டத் தெரியாதவர்களும் சேர்ந்து கடை திறந்தார்கள்.

கிழக்கிலே ஹார்ட்வெயார் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். தனது டீசல் வேனுக்கு இரண்டு ஹெட்ரெஸ்ட் திரைகளும் ஒரு பிளேயரும் பூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஆனால் மூன்று நாள் வேனை எடுக்காமல் விட்டால் நாலாம் நாள் ஸ்டார்ட் ஆகாது. பெட்டரி பழுது என்று ஒன்றை மாற்றினார். ஆறு மாதத்தில் இன்னொன்றை மாற்றினார். பெட்டரிக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டு அவரோடும் மனஸ்தாபம். கடைசியில் அவரது ஊரிலேயே உள்ள வயரிங் பாஸ் ஒருவர் மீற்றரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காக்கா, பெட்டரியில் ஒரு குறையும் இல்லை. சாவியைக் கழற்றினாலும் உங்கட செட் தூங்குவதில்லை" என்று சொன்னாராம்.

பூட்டியவர் செய்தது இவ்வளவுதான். சாவியோடு சேர்ந்து எரிந்து அணையும் லைனில் கொடுக்க வேண்டியதை, எந்நேரமும் மின்சாரம் உள்ள லைனில் கொடுத்துவிட்டார். அது கைக்கு எட்டிய வயர், வேலை சீக்கிரம் முடிந்துவிடும். நிறுத்தி வைத்த வேனில் அரை அம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. அரை அம்பியர் என்றால் அற்பமாகத் தோன்றும். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு 12 அம்பியர் மணி. மூன்று நாளைக்கு 36. அவருடைய பெட்டரி 60 அம்பியர் மணி. பாதிக்கு மேல் போய்விட்ட பெட்டரி டீசல் எஞ்சினைச் சுழற்றுமா? நல்ல நிலையில் உள்ள வாகனம் ஒன்று பூட்டி நிற்கும்போது இழுக்கும் மின்சாரம் பொதுவாக 50 மில்லி அம்பியருக்குள் இருக்க வேண்டும். இவருடையது அதைப்போல் பத்து மடங்கு. இரண்டு பெட்டரிக்குக் கொடுத்த காசில் அவர் இன்னொரு திரையே வாங்கியிருக்கலாம்.

பெட்டரி இறங்குவது சில்லறை நட்டம். பெரிய நட்டம் பியூஸில் இருக்கிறது. திரைகள் ஒன்றும் பெரிய பாரம் அல்ல. இரண்டு சிறு திரைகளும் ஒரு பிளேயரும் சேர்ந்து மூன்று நான்கு அம்பியருக்குள் அடங்கிவிடும். வாகனத்தின் 55 வொட் ஹெட்லைட் பல்பு ஒன்றே நாலரை அம்பியருக்கு மேல் எடுக்கிறது. ஆகவே "செட் கூடிப் போனதால் வயர் எரிந்தது" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். ஆசனத்தின் இரும்புத் தண்டவாளத்தில் உரசி உரசி வயரின் தோல் தேய்ந்து, செம்பு போய் பொடியில் தொட்டால், பெட்டரி நூற்றுக்கணக்கான அம்பியரை அந்த மெல்லிய வயருக்குள் தள்ளும். பெட்டரியிலிருந்து வயர் புறப்படும் இடத்திலேயே சரியான பியூஸ் இருந்தால் அது அறுந்து விடயம் அங்கேயே முடிந்துவிடும். பியூஸ் செட்டின் பக்கத்தில் மட்டும் இருந்தால் இடையிலுள்ள வயருக்குக் காவல் இல்லை. பியூஸ் இருப்பது செட்டைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது முதலில் காப்பாற்றுவது வயரைத்தான். 5 அம்பியர் அறுந்துபோகிறது என்று 30 அம்பியர் போட்டுக்கொடுக்கும் ஆட்களும் நம்மிடையே உண்டு. கார்ப்பெட்டுக்குக் கீழே புகை கிளம்பும்போது பின் ஆசனத்தில் இருப்பது யார் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டுபிடித்த சம்பவம் நம் சந்தையில் எல்லோருக்கும் மனப்பாடம். செட் பூட்டும் தொழிலில் அந்த ஈரம் கார்ப்பெட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. முறுக்கி டேப் சுற்றிய ஜொயின்ட் வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். அதையே ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் போட்டால் வாகனம் இருக்கும் வரை இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை மணித்தியால வேலை. வாடிக்கையாளர் பார்ப்பது திரையை மட்டும் என்பதால் அந்த அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லி ஷைத்தான் தூண்டுகிறான். இந்தத் தொழிலில் உள்ள நம் சகோதரர்களுக்கு என் யோசனை ஒன்று உண்டு. பில்லில் "செட் பூட்டியது" என்று ஒரே வரி எழுதாமல், திரை, வயர், பியூஸ், கூலி என்று பிரித்து எழுதுங்கள். கூலியைக் கூட்டிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். மலிவாகப் பூட்டி மூன்று தரம் திருப்பி வருபவரை விட, கூடுதலாகக் கொடுத்து ஒரே தரத்தில் போகிறவர் உங்களுக்கு நாலு பேரைக் கூட்டிவருவார்.

போன வருடம் என் மருமகன் தன் வேனுக்குக் கூரைத் திரை பூட்ட வேண்டும் என்றபோது நானும் பஞ்சிகாவத்தைப் பக்கம் கூடப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் இரண்டிலும் திரையின் அங்குலத்தையும் விலையையும் சொன்னார்கள். மூன்றாவது கடையில் இருந்த பாஸ் வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாநா, கூரை ஓரத்தில் எயார்பேக் இருக்கிறதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே வேலையை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். பல வாகனங்களில் கதவுக்கு மேலே, கூரைத் துணிக்குள் திரைச்சீலை போன்ற எயார்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தூண் உறைக்குள்ளே வயரை அதற்குக் குறுக்காக விட்டால் மோதும் நேரத்தில் அது சரியாக விரியாது. மஞ்சள் நிற சொக்கட் கண்டால் அது எயார்பேக்குக்கு உரியது, தொடவே கூடாது. ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் வயர் கண்டால் அது உயர் அழுத்த மின்சாரம், உயிருக்கே ஆபத்து. அக்குவா போன்ற கார்களில் 12 வோல்ட் சிறு பெட்டரியும் பின் ஆசனத்துப் பக்கமே இருக்கிறது. ஆகையால் ஹைபிரிட் பழகாத பாஸிடம் பின் ஆசனத்தைக் கழற்றவே விடாதீர்கள். ரோசா போன்ற பெரிய வாகனம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவை 24 வோல்ட். கார் திரையை அப்படியே கொடுத்தால் அன்றைக்கே பொசுங்கிவிடும்.

கூரைத் திரையைத் துணியில் மட்டும் ஸ்குரூ அடித்துத் தொங்கவிடக் கூடாது. உள்ளே இரும்புத் தாங்கி வேண்டும். திறந்தால் சாரதியின் பின்கண்ணாடிப் பார்வையை எவ்வளவு மறைக்கிறது என்று சாரதி ஆசனத்தில் இருந்தே பாருங்கள். ஹெட்ரெஸ்டோடு சேர்ந்து வரும் திரை என்றால், கழற்றிப் போட்ட பழைய ஹெட்ரெஸ்ட் அளவுக்குப் புதியது உறுதியா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். பின்னால் இருந்து வேறொரு வாகனம் மோதினால் கழுத்தைக் காப்பது அதுதான். "அதெல்லாம் வேண்டாம், பிள்ளையின் மடியில் டெப்பைக் கொடுத்தால் போதும்" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 50 கி.மீ. வேகத்தில் போகும் வேன் எதிலாவது மோதி நின்றால், மடியில் சும்மா கிடந்த டெப் 10 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்தில் முன்னே பாயும். மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் அரைக் கிலோப் பொருளைத் தலையில் வாங்கிப் பார்க்க யாரும் விரும்பமாட்டோம். டெப் மலிவான வழிதான், ஆனால் இறுகப் பிடிக்கும் தாங்கியில் வைத்து, பிள்ளைக்குப் பெல்ட்டும் போட்ட பிறகு.

யப்பானில் இருந்து கழற்றி வந்த செட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை பார்வைக்கு மலிவு. அங்கு எப்.எம். அலைவரிசை 76இல் தொடங்கி, பழைய செட்களில் 90இல் முடிந்துவிடும். நமது வானொலிகளில் பெரும்பாலானவை அதற்கு மேலே. டிவிடியில் யப்பான் 2ஆம் வலயம், நாம் 5ஆம் வலயம். அதிலுள்ள டிஜிட்டல் தொலைக்காட்சி இங்கு படம் தருவதில்லை. பெட்டரியைக் கழற்றி மாட்டியவுடன் பூட்டிக்கொண்டு இலக்கம் கேட்கும் செட்களும் உண்டு. கடையில் ஓடிக் காட்டினார்கள் என்பதற்காக வாங்கிவிட வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வரும் வாந்தியை எந்த விற்பனையாளரும் சொல்லமாட்டார். கண் அசையாத படத்தைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ வளைவுகளை உணர்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாதபோது வயிறு குமட்டுகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கே இது கூடுதல். குனிந்து பார்க்கும் மடித் திரையை விட, தலை நிமிர்ந்து பார்க்கும் கூரைத் திரை கொஞ்சம் பரவாயில்லை. அதிவேகப் பாதையில் மாத்தறைக்குப் போகும்போது படம் ஓடட்டும். கடுகண்ணாவையிலும் றம்பொடையிலும் நிறுத்திவிட்டு வெளியே பார்க்கச் சொல்லுங்கள். அங்கு பார்க்க வேண்டியது ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கிறது.

முன்னால் உள்ள செட்டில் படம் ஓட, ஹேன்ட்பிரேக் வயரை பொடியில் கொடுத்து ஏமாற்றும் வேலையை எந்தக் கடையிலும் கேட்காதீர்கள், கடைக்காரரும் செய்துகொடுக்காதீர்கள். சாரதிக்குப் படம் தெரியாமல் இருக்கவே கம்பனி அந்த வயரை வைத்திருக்கிறது. லீசிங்கில் எடுத்த வாகனம் என்றால் புத்தகத்தில் முழு உரிமையாளர் நிதிக் கம்பனிதான்; கூரையில் ஓட்டை போடுமுன் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது. காப்புறுதிக்காரருக்கும் பில்லின் பிரதியைக் கொடுத்து, பின்னர் பூட்டிய பொருட்களைப் பத்திரத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். எழுதாத பொருளுக்கு நட்டஈடு கேட்டுப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

காசு கொடுக்குமுன் கடை வாசலிலேயே இதைச் செய்யுங்கள். ஏ.சி.யும் ஹெட்லைட்டும் போட்டு, திரையையும் அரை மணித்தியாலம் ஓட விடுங்கள். பிறகு பியூஸ் இருக்கும் இடத்தையும் ஜொயின்ட்களையும் தொட்டுப் பாருங்கள்; சூடு இருக்கக் கூடாது. சாவியைத் திருப்பியதும் எயார்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். கடைசியாக, சாவியைக் கழற்றிக் கதவுகளைப் பூட்டி, கால் மணித்தியாலம் கழித்து பெட்டரியில் மீற்றரைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். மருமகனின் வேனில் முள் 30 மில்லி அம்பியரில் நின்றது. பாஸ் அதைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி, திகதி போட்டுக் கையொப்பமும் வைத்துத் தந்தார்.