வேலையின்மையை அளக்கும் கோல்

வேலையில்லாத் திண்டாட்டம் என்னுந் தொடரைச் செய்தித்தாள்களிற் காணாத நாளில்லை. ஆயினும் வேலையில்லாதவர் யாவர் என வினவுவார் மிகச் சிலரே. தொழில் செய்யாதார் அனைவரும் வேலையில்லாதவரெனின், பள்ளிச் சிறுவரும், நோயாளரும், குத்தகைப் பணத்தில் இனிது உண்டிருக்குஞ் செல்வருங்கூட அவருள் அடங்குவரன்றோ? ஆகவே ஓர் அளவுகோல் வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 1878-ஆம் ஆண்டிற் கணக்கெடுத்த காரல் ரைட் என்பார், உடல்வலிமையுடைய ஆடவருள் மெய்யாகவே வேலை விரும்புவோரை மட்டும் எண்ணுமாறு பணித்தார். 'மெய்யாகவே' என்னும் அவ்வொரு சொல்லிலேயே சிக்கல் முழுதும் அடங்கிக் கிடக்கின்றது. ஒருவனது உள்ளக்கிடக்கையைக் கணக்கெழுதுவோன் எங்ஙனம் அறிவான்? பிற்காலத்தார் விருப்பத்தை விடுத்துச் செயலை நோக்கினர். 1982-இல் ஜினீவாவிற் கூடிய பன்னாட்டுத் தொழிற் புள்ளிவிவர அறிஞர் மாநாடு மூன்று அடையாளங்களை வகுத்தது: வேலை இன்றியிருத்தல், கிடைப்பின் உடனே ஏற்க இயலுதல், முயன்று தேடுதல். கூலிக்கோ இலாபத்திற்கோ வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தவனும் இவ்விதிப்படி வேலையுடையவனே!

இவ்விதியின் விந்தையை யான் என் இல்லத்திலேயே காண்கின்றேன். என் தமையனார் பட்டம் பெற்றபின் விண்ணப்பங்கள் விடுத்தவண்ணம் இருக்கின்றார். சனிக்கிழமைதோறும் சிறுவர் இருவர்க்கு இரண்டு மணி நேரம் கணக்குக் கற்பித்துச் சிறு பொருள் பெறுகின்றார். அமெரிக்கர் கணக்கில் அவர் வேலையுடையவர். ஜெர்மனியில் வேலைவாய்ப்பு நிலையத்திற் பதிந்துகொண்டு, வாரத்திற் பதினைந்து மணிக்குக் குறைவாக உழைப்பவர் வேலையில்லாதவரே. ஆதலின் ஆண்டு அவர் வேலையற்றவராவர். நம் நாட்டிலோ 1970-இல் தந்த்வாலா குழுவினர் அளித்த அறிக்கையின் வழியே மூவகை அளவை தோன்றின. ஆண்டின் பெரும்பகுதியை நோக்கும் அளவையால் அவர் வேலையற்றவர். வாரத்தை நோக்கும் அளவையால் வேலையுடையவர். நாளை நோக்கும் அளவையாலோ சனிக்கிழமையில் அரைநாள் மட்டும் வேலையுடையவர்! எம் அன்னையார்க்கு இவ்வையமெல்லாம் இல்லை. "உனக்கு வேலை எப்பொழுதப்பா கிடைக்கும்?" என்றே அவர் நாடோறும் கேட்கின்றார்.

அளவை மாறுபடுதலால் நாடுகளை ஒப்பிடுதலும் அரிதாகின்றது. 2020-இல் கொள்ளைநோயால் தொழிற்சாலைகளும் கடைகளும் மூடப்பெற்ற காலை, அவ்வாண்டு ஏப்பிரலில் அமெரிக்காவின் வேலையின்மை நூற்றுக்கு 14.7 ஆயிற்று, பிரிட்டனிலோ ஏறத்தாழ 4 என்ற அளவிலேயே நின்றது. பிரிட்டானியர் மிகுதியாக உழைத்தனர் என்பதன்று இதன் பொருள். ஆங்கு அரசாங்கம் ஊதியத்தில் 80 விழுக்காடுவரை ஏற்றுத் தொழிலாளரை முதலாளியரின் பதிவேட்டிலேயே நிறுத்தியது. வீட்டிலிருந்த அவரெல்லாம் வேலையுடையவராக எண்ணப்பெற்றனர். அமெரிக்காவில் மீண்டும் அழைக்கப்பெறுவோம் என்று காத்திருந்தோர், வேறு வேலை தேடாவிடினும், வேலையில்லாதவராக எண்ணப்பெற்றனர்.

இவற்றினும் என் நெஞ்சை உறுத்துவது மற்றொன்று. நெடுநாள் தேடிச் சலித்து, இனிக் கிடையாதெனக் கைவிட்டவர் வேலையில்லாதவர் பட்டியலினின்றே நீங்கிவிடுகின்றனர். அத்தகையோர் பெருகப் பெருக வீதமுங் குறையும். அமெரிக்கர் இவர்களை மனந்தளர்ந்தோர் எனத் தனியே எண்ணி வெளியிடுகின்றனர். ஆயினும் செய்தித்தாள்களின் தலைப்பில் வரும் எண்ணில் இவர்க்கு இடமில்லை. என் தமையனாரிடம் பாடங் கேட்குஞ் சிறுவர் கோடை விடுமுறைக்கு ஊர் செல்வராயின், ஜினீவா விதிப்படி அவர் வேலையில்லாதவராவர். அதன்பின் சோர்ந்து விண்ணப்பம் எழுதுதலையும் விடுவாராயின், வேலையில்லாதவரும் அல்லர்.